ஜன்னலில் பல் தடம்

அத்தியாயம் பதினான்கு

சுரண்டும் சத்தம் கேட்டு அம்பரீன் விழித்தாள். ஜன்னலிலிருந்து வருவதாகத்தான் முதலில் நினைத்தாள். அந்த அறையில் படுக்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஜன்னல் மூடியிருந்தது. சத்தம் கூடத்திலிருந்து வந்தது. பஞ்சாட்சரத்தின் ஆட்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். நாத்தனார் அஃப்ஷாவுக்கு நிக்காஹ். அதற்காக வீட்டுக்கு பெயிண்ட்.

உசாமா பக்கத்தில் விழித்துக் கிடந்தான். இரண்டரை வயது. அம்மாவைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரமலானுக்கு முன்பு வரை அவன் நன்றாகப் பேசினான். பூனையைக் கூப்பிட்டான். பால்காரரைக் கூப்பிட்டான். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக விட்டுவிட்டான். கடைசியில் ஒன்று மிஞ்சியது. மீட்டா. இனிப்பு. ஜன்னல் கட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு, ஆளில்லாத தெருவைப் பார்த்து அதைச் சொன்னான். கையில் மிட்டாய் எதுவும் இல்லை.

அன்று மாமியார் ஜஹீதாவின் கையிலிருந்த தட்டு விழுந்தது. அவளுடைய மூத்த மகன் முஜாஹித் மூன்று வயதில் வலிப்பு வந்து இறந்தவன். அவனும் இதே ஜன்னலில்தான் உட்கார்ந்திருப்பான். அவனும் இதே வார்த்தையைத்தான் சொன்னான்.

முஜாஹித் போனதிலிருந்து அறை பூட்டிக் கிடந்தது. மாமனார் நிசார் அஹமது காலமான பிறகு வீட்டின் பின்பாதியை வாடகைக்கு விட்டார்கள். வேறு இடம் இல்லை. அம்பரீனும் கணவன் தபரேஸும் குழந்தையோடு இந்த அறைக்கு வந்தார்கள்.

உசாமாவின் கழுத்தில் இப்போது தாயத்து இருந்தது. தலைமாட்டில் ஓதிய தண்ணீர் இருந்தது. வயிற்றுவலி மட்டும் போகவில்லை. போன வாரம் அம்பரீன் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினாள். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவை போனில் சொல்கிறோம் என்றார்கள்.

போன் இன்னும் வரவில்லை.

*

"எல்லா ரூமும் அடி. அந்த ரூம்ல சுவத்துக்கு மட்டும் அடி. ஜன்னலைத் தொடாதே," என்றாள் ஜஹீதா.

பஞ்சாட்சரம் ஏணி மேலிருந்து குனிந்தார். தலையில் துண்டு. புருவமெல்லாம் தூசி.

"பாயம்மா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தெருவுல வர்றப்போ மொதல்ல பாக்கறதே அந்த ஜன்னலைத்தான். சொறி புடிச்ச மாதிரி இருக்குது."

"இருக்கட்டும்."

"ஒரே ஒரு கோட்டு. காசு கூட வேணாம்."

"தொடாதேன்னா தொடாதே."

"உங்க வீடு, உங்க ஜன்னல்." அவர் பரணுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "மேல ஒண்ணும் இல்லியே. போன தடவை வந்தப்போ தொட்டில் ஒண்ணு இருந்துச்சு."

"பெரிய மக ஃபரீதா எடுத்துட்டுப் போய்ட்டா. அவ பையனுக்கு."

"நல்ல மரம்மா அது. பேர்ணாம்பட்டு வரைக்கும் எப்படித் தூக்கினு போனாங்க?"

"லோடு ஆட்டோல. நீ வேலையைப் பாரு."

கூடத்தில் ஆறு கதவுகள். ஒன்றின் மேல் ஒன்றாக நீலம், பழுப்பு, மறுபடியும் நீலம். சுரண்டும் தகடு இறங்கும்போது பெயிண்ட் சுருள் சுருளாக உரிந்தது. பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். வெயில் விழுந்த இடத்தில் தூசி நின்றது. சுரண்டியதைக் கூட்டி முற்றத்து மண்ணில் கொட்டினார்கள்.

அஃப்ஷா வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"பாபி, பாத்தீங்களா? தோலுரிச்ச ஆடு மாதிரி ஆயிடுச்சு நம்ம வீடு. ஊரெல்லாம் தோலை பதம் பண்ணுது, இவரு நம்ம கதவை பதம் பண்றாரு."

அம்பரீன் சிரித்தாள். பல நாள் கழித்துச் சிரித்தாள். அடுப்பில் சாயா வைத்திருந்தாள். உசாமாவைக் கூடத்துப் பாயில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள்.

போன் அடித்தது.

*

பெண் குரல். அவசரமில்லாத குரல். பெயரையும் குழந்தையின் வயதையும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டது.

"உசாமா ரத்தத்துல ஈயம் ஜாஸ்தியா இருக்கும்மா. குழந்தைங்களுக்கு அது இருக்கவே கூடாது. இவனுக்கு ரொம்பவே இருக்கு. நாளைக்குக் காலையில அட்மிட் பண்ணணும்."

"ஈயமா?"

"ஆமா. வயித்துவலி, பேச்சு நின்னது, தூங்காம இருக்கறது, எல்லாம் அதனால இருக்கலாம். கண்ணுக்கு சுர்மா போடறீங்களா?"

"வெள்ளிக்கிழமை மட்டும்."

"இனிமே வேணாம். கழுத்துல தாயத்து பாத்தேன். அந்தக் குப்பி என்ன உலோகம்?"

"தெரியல டாக்டர். சாம்பல் கலர்ல இருக்கு. வாயில வெச்சுக்கறான்."

"கழட்டிடுங்க. நாளைக்குக் கொண்டாங்க, பாக்கலாம். வீடு பழசா?"

"மாமனாரோட அப்பா கட்டினது."

"பெயிண்ட் உரியுதா?"

"ஒரு ஜன்னல்ல."

"அதை அடிக்கடி திறந்து மூடுவீங்களா?"

"தினமும்."

"அந்தக் காலத்துப் பெயிண்ட்ல ஈயம் கலந்திருக்கும். மரத்தோட மரம் உரசும்போது தூளா கொட்டும். கண்ணுக்குத் தெரியாது. தரையில இருக்கும், விளையாட்டு சாமான்ல இருக்கும், மண்ணுல இருக்கும். குழந்தை கை வாய்க்குப் போகும். சிலது நேரா பெயிண்ட்லயே வாயை வெச்சிடும். நாக்குக்கு இனிப்பா இருக்கும்."

"என்ன சொன்னீங்க?"

"இனிப்பா இருக்கும்மா. அதனால விடாது."

சாயா பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் பார்க்கவில்லை.

"பேச்சு திரும்ப வருமா டாக்டர்?"

"இப்ப சொல்ல முடியாது. மருந்து இருக்கு. ஆனா முதல்ல உள்ள போறது நிக்கணும். வீட்டைச் சரி பண்ணாம அவனைத் திரும்ப அங்க அனுப்ப மாட்டோம்." குரல் நின்றது. "அங்க என்ன சத்தம்?"

"பெயிண்ட் சுரண்டறாங்க."

"குழந்தை எங்க?"

அம்பரீன் போனைப் போட்டுவிட்டு ஓடினாள்.

*

உசாமா பாயில் இல்லை. கதவடியில் உட்கார்ந்திருந்தான். தரையில் படிந்த நீலத் தூளில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். கோடு போட்டான். விரலைச் சூப்பினான். மறுபடி கோடு போட்டான்.

அவள் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். ஒரு கையால் அவனைத் தூக்கினாள். மறு கையால் பஞ்சாட்சரத்தின் தகட்டைப் பிடுங்கினாள்.

"நிறுத்துங்க. எல்லாரும் நிறுத்துங்க."

"இன்னாம்மா இது பேஜாரு? சுரண்டாம அடிச்சா பெயிண்ட் எப்படி நிக்கும்?"

"நிக்க வேணாம். என் புள்ள ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கு. இந்தத் தூள்லதான் இருக்குது."

"பாத்திரத்துக்குப் பூசற ஈயமா?"

"அது வேற. இது விஷம்."

பஞ்சாட்சரம் ஏணியிலிருந்து இறங்கினார். தன் கையைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார்.

"தெனம் இதே சட்டையோடதான் வீட்டுக்குப் போறேன். வாசல்லயே பேத்தி வந்து கட்டிக்கும்," என்றார். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "டேய், கீழ இறங்குங்க," என்றார்.

ஜஹீதா கூடத்துக்கு வந்தாள்.

"கல்யாண வீட்ல எதுக்கு இந்தக் கூச்சல்?"

அம்பரீன் சொன்னாள். ரத்தம், ஈயம், நாளைக்கு ஆஸ்பத்திரி. உசாமாவின் விரல்களைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே சொன்னாள். தாயத்தை அறுத்து ஒரு கவரில் போட்டாள்.

"வேலூருக்கா போனே? யாரைக் கேட்டுப் போனே?"

"யாரையும் கேக்கல அம்மி."

"இது டாக்டருங்க சமாச்சாரம் இல்ல. அந்த ஜன்னல்ல என்ன வருதுன்னு எனக்குத் தெரியும்."

"எனக்கும் இப்பதான் தெரிஞ்சுது," என்றாள் அம்பரீன்.

குழந்தையை அஃப்ஷாவிடம் கொடுத்து வெளியே அனுப்பினாள். எதிர்வீட்டு அக்தரி பேகத்தின் மாடியில் புது சிமெண்டுத் தரை. அங்கே வைத்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு அறைக்குள் போனாள். ஜஹீதா பின்னால் வந்தாள்.

*

ஜன்னல் கட்டையில் ஜரிகை வைத்த துணி ஒன்று எப்போதும் விரித்திருக்கும். துவைக்கக்கூட ஜஹீதாதான் எடுப்பாள். உடனே வேறொன்று விரிப்பாள்.

அம்பரீன் அதை எடுத்தாள்.

"வேணாம்," என்றாள் ஜஹீதா.

பச்சை பெயிண்ட். முப்பது வருடமாகியும் வெளுக்காத பச்சை. விளிம்பில் பல் பதிந்திருந்தது. சின்னச் சின்னக் குழிகள். பெயிண்ட் போய் மரம் தெரிந்தது. மரமும் கறுத்துவிட்டது. கை பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்தது.

அதை ஒட்டி இன்னொரு வரிசை. இதில் மரம் வெள்ளையாக இருந்தது.

இரண்டு வரிசையும் ஒரே அளவு.

"பழசு முஜாஹிதோடது," என்றாள் ஜஹீதா. "பல்லு வர்ற நேரம். கடிச்சிக்கிட்டே நிப்பான். அவன் போனப்புறம் இந்த வீட்ல அவன் அடையாளம்னு வேற ஒண்ணும் இல்ல. போட்டோ கூட கெடையாது. இதை யாரையும் தொட விடல. வெள்ளையடிக்க வர்றவன்கிட்ட எல்லாம் சண்டை போட்டேன்."

"பக்கத்துல இருக்கறது?"

"பார்த்தேன். ரமலானுக்கு முன்னாடி, ஷபே பராத் அன்னைக்குப் பார்த்தேன்." ஜஹீதாவின் குரல் தாழ்ந்தது. "அவன்தான் வந்திருக்கான்னு நெனச்சேன். வந்து இவன் கூட வெளையாடறான்னு. பயமாத்தான் இருந்துச்சு அம்பரீன். சந்தோஷமாவும் இருந்துச்சு."

அம்பரீனுக்குக் கோபம் வந்தது. மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இந்தப் பெயிண்ட் நாக்குக்கு இனிப்பா இருக்குமாம் அம்மி. டாக்டர் சொன்னாங்க."

ஜஹீதா கட்டிலில் உட்கார்ந்தாள்.

தெருவில் ஷேர் ஆட்டோ போனது. கூடத்தில் யாரோ இருமினார்கள்.

"மீட்டா," என்றாள் ஜஹீதா. மெதுவாக, அந்த வார்த்தையை முதல்முறை சொல்லிப் பார்ப்பவள்போல.

"ஆமா."

"யாரும் குடுக்கலியா அவனுக்கு?"

"யாரும் குடுக்கல."

ஜஹீதா ஜன்னலின் கொக்கியைப் பார்த்தாள். பிறகு பேசினாள்.

"அன்னைக்கு வீட்ல விருந்தாளிங்க. பொழுது சாஞ்சதும், மக்ரிபுக்கு, ஜன்னலை மூட மறந்துட்டேன். அன்னைக்குத்தான் அவனுக்கு வலிப்பு வந்துச்சு. பாங்கு சொன்ன நேரத்துல தெறந்து வெச்சே, ஹவா, கெட்ட காத்து, உள்ள வந்துடுச்சுன்னு என் மாமியார் சாகற வரைக்கும் சொன்னாங்க. ஒரு நாள் மறந்தேன். அதுக்கப்புறம் மறந்ததே இல்ல. ரூம் பூட்டிக் கெடந்தப்போகூட காலையில தெறப்பேன், மக்ரிபுக்கு மூடுவேன்."

அம்பரீனுக்கு அது தெரியும். இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறாள். பாங்கு கேட்டதும் ஜஹீதா வருவாள். மழையில் ஊதிய கதவு. லேசில் சேராது. தோளைக் கொடுத்துத் தள்ளுவாள். இழுத்து மறுபடி தள்ளுவாள். கொக்கி விழுந்ததும் கட்டைக்குக் கீழே விளையாடும் உசாமாவைத் தூக்கி, ஓதி ஊதுவாள்.

"தூளு எப்படி வருதாம்?" என்று கேட்டாள் ஜஹீதா.

அம்பரீன் துணியை மடித்தாள்.

"கேக்கறேன்ல. டாக்டர் என்ன சொன்னா?"

"விடுங்க அம்மி."

"சொல்லு."

"மரத்தோட மரம் உரசும்போது."

ஜஹீதா ஜன்னலைப் பார்த்தாள். இரண்டு கதவும் சேர்கிற இடத்தில் பச்சை தேய்ந்து போயிருந்தது. அதற்கு நேர் கீழே, தரையில், உசாமாவின் மர வண்டி கிடந்தது.

"நான் மூடறப்போ," என்றாள்.

அம்பரீன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பொய் வரவில்லை.

*

தபரேஸ் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷன். பாதி ஷிஃப்டில் சொல்லிவிட்டு வந்தான். வந்ததும் முற்றத்துக்குப் போனான். கடப்பாரையோடு உள்ளே வந்தான்.

"நகருங்க. இதைப் பேத்து எறிஞ்சிடறேன்."

அம்பரீன் ஜன்னலுக்கு முன்னால் நின்றாள்.

"பேத்தா வீடு முழுக்கத் தூள் பறக்கும். எரிச்சா புகையாப் போகும். டாக்டர்கிட்ட மறுபடி பேசிட்டேன். அதைப் பத்தித் தெரிஞ்ச ஆளுங்களை வெச்சு, ஈரம் பண்ணி, மூடி எடுக்கணும். அதுவரைக்கும் அசைக்காம மூடி வெக்கணும்."

"அதுவரைக்கும் சும்மா பாத்துக்கிட்டு இருக்கறதா?"

"சும்மா இல்ல. ஈரத்துணியால தொடைக்கணும். தொடப்பம் போடக் கூடாது. உசாமா இன்னைக்கே எங்கம்மா வீட்டுக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரி."

தபரேஸ் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தான்.

"நானும் இந்த வீட்லதானே வளந்தேன்," என்றான்.

"உனக்கு இந்த ரூம் இல்ல," என்றாள் ஜஹீதா. "உன்னை உள்ள விட்டதில்ல."

பஞ்சாட்சரம் போகவில்லை. கோணிகளை நனைத்துக் கூடத்தில் பரப்பினார். முற்றத்தில் கொட்டிய தூளைத் தண்ணீர் தெளித்து வாரி மூட்டை கட்டினார். மண்ணின் மேல் தார்ப்பாய் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார். குழாயில் முகத்தையும் கையையும் திரும்பத் திரும்பக் கழுவினார். சட்டையைக் கழற்றி ஒரு கவரில் போட்டு முடிச்சுப் போட்டார். பனியனோடு வீட்டுக்குப் போனார்.

தபரேஸ் கடையிலிருந்து தடித்த பிளாஸ்டிக் விரிப்பும், பெட்டிகளுக்கு ஒட்டும் அகலமான டேப்பும் வாங்கி வந்தான். ஜஹீதா வாளியில் ஈரத்துணி எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனாள்.

"நீங்க வேணாம் அம்மி. கையில ஒட்டும்," என்றாள் அம்பரீன்.

"இனிமே ஒட்டறதுக்கு என்ன இருக்கு?"

அம்பரீன் அவளுக்குக் கையுறை மாட்டிவிட்டாள். மூக்கை மறைத்து துப்பட்டாவைக் கட்டிவிட்டாள். ஜஹீதா மேலிருந்து கீழே துடைத்தாள். துணியை வாளியில் அலசினாள். தண்ணீர் லேசாகப் பச்சையானது. வெளியே ஊற்றாதே என்று தபரேஸிடம் சொன்னாள். அவள்தான் சொன்னாள்.

கட்டைக்கு வந்ததும் கை நின்றது.

பழைய பல் தடத்தின் மேல் கட்டைவிரலை வைத்தாள். பிறகு பக்கத்து வரிசையின் மேல் வைத்தாள். அவள் இரண்டையும் துடைத்தாள். பிளாஸ்டிக்கை இழுத்து மூடினாள். டேப்பை அவளே ஒட்டினாள். ஓரம் எழும்பாமல் உள்ளங்கையால் அழுத்தினாள்.

அதற்குப் பிறகு தொழுகைக்குக் கைகால் கழுவ, ஒளூ செய்யப் போனவள் வெகுநேரம் வரவில்லை. குழாய் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

*

மக்ரிபுக்குப் பாங்கு சொன்னார்கள்.

ஜஹீதா எழுந்தாள். அறை வாசல் வரை போனாள். மூடுவதற்கு எதுவும் இல்லை. பிளாஸ்டிக்குக்குப் பின்னால் பச்சை மங்கலாகத் தெரிந்தது. காற்றில் விரிப்பு உப்பியது. அடங்கியது. உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல.

தபரேஸ் உசாமாவின் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இந்தப் பெயிண்டை அப்பா எங்கேந்து கொண்டாந்தாரு?"

"அவர் வேலை செஞ்ச தோல் டேனரிலேந்து. மிஷினுக்கு அடிச்சது போக மிச்சம். மொதலாளிகிட்ட கேட்டு எடுத்துட்டு வந்தார். மிஷின் பெயிண்ட், நூறு வருஷம் நிக்கும்னு சொல்வார்."

"ஒரு டின்னு இந்த ஜன்னலுக்கே சரியாப் போச்சா?"

"பாதிதான் ஆச்சு."

"மீதி?"

அம்பரீன் நிமிர்ந்து பார்த்தாள். ஜஹீதா ஜன்னலைப் பார்க்கவில்லை. கூடத்துப் பரணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலியான பரணை.

"அம்மி?"

"முஜாஹித் பொறக்கறதுக்கு முன்னாடி," என்றாள் ஜஹீதா. "ஜன்னலும் தொட்டிலும் ஒரே கலர்ல இருக்கணும்னு அவரே உக்காந்து அடிச்சார். அவன் போனப்புறம் ராசியில்லன்னு மேல போட்டுட்டோம். உங்க யாரையும் அதுல படுக்க வெக்கல. ஃபரீதாதான் கேட்டா. பழைய மரம் இப்ப எங்க அம்மி கெடைக்குதுன்னு. நானே தூசி தட்டிக் குடுத்தேன். துவா பண்ணிக் குடுத்தேன்."

அம்பரீன் ஏற்கெனவே ஃபரீதாவின் எண்ணை அழுத்தியிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"சொல்லுங்க பாபி." ஃபரீதா சிரித்துக்கொண்டு எடுத்தாள். "கல்யாண வேலையெல்லாம் எந்த மட்டுல இருக்குது? என் பையன் ஒண்ணும் செய்ய விட மாட்டேங்கறான். பல்லு மொளைக்குது. தொட்டில் சட்டத்தைப் புடிச்சிட்டு நிக்கறான், எறக்கி விட்டா அழறான்."

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மரத்தை எலி கொறிப்பதுபோல.

ஜஹீதா போனை வாங்கினாள்.

"ஃபரீதா. அவனைத் தூக்கு."

"என்ன அம்மி? குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"மொதல்ல தொட்டில்லேந்து தூக்கு. வாயைக் கழுவு. கையைக் கழுவு."

"தூக்கறேன் தூக்கறேன். இருங்க, ஒண்ணு கேளுங்க. இவன் இன்னைக்குப் பேச ஆரம்பிச்சுட்டான். ஒரே ஒரு வார்த்தை. தொட்டில்ல நின்னுக்கிட்டு அதையே சொல்லிக்கிட்டு இருக்கான். சொல்லுடா, நானிக்குச் சொல்லு."

ஜஹீதா போனை அம்பரீன் கையில் திணித்தாள். என்ன வார்த்தை என்று கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டு, பேர்ணாம்பட்டு பஸ்ஸைப் பிடிக்கத் தெருவில் இறங்கி நடந்தாள்.